தினம் ஒரு கற்கண்டு

கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குக் குடிவந்த வருஷம், அங்கே தமிழர் தெருவிலேயே வளர்ந்த மகளைக் கன்னடப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தேன். அவளுடைய வாத்தியார் ஒல்லியான மனிதர். சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் நாமம், முழங்கை நைந்த கறுப்புக் கோட்டு. கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்குக் கோட்டுப் பையிலிருந்து ஒரு கற்கண்டு எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம்.

என் மகள் தினமும் கற்கண்டோடு வீடு திரும்பினாள். நான் வேலை பார்த்த பட்டுக்கடையில் ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. பள்ளிப் பக்கம் மட்டும் ஒரு நாளும் போகவில்லை.

தசரா விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாளில்தான் அவளை அழைத்துவரப் போனேன். வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டு, கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்.

“குழந்தை பிறவியிலேயே ஊமையா?”

எனக்குப் புரியவில்லை.

“சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. மனசு கேக்காம நானே தினம் ஒரு கற்கண்டு கொடுப்பேன்.”

வீட்டில் அவள் வாய் ஓயாது.

“ஏங்கண்ணு, பள்ளிக்கோடத்துல நீ பேசறதே இல்லியா?” என்று அவளிடம் தமிழில் கேட்டேன்.

“அங்க தமிழ் பேசுனாச் சிரிப்பாங்க, பேசக் கூடாதுன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க. எனக்குக் கன்னடம் பேச வராதுங்களே.”

சொன்னது நான்தான். சேர்த்த அன்று காலையில், தலை வாரும்போது.

வாத்தியார் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“எங்காத்துலேயும் தமிழ்தான், கொழந்தே,” என்றார், தமிழில்.

பழக்கத்தில் அவர் கை கோட்டுப் பைக்குள் போயிற்று. வெகுநேரம் அது வெளியே வரவில்லை.