காவலாளியின் மனைவியாக ஐந்து நிமிடம்

என் நண்பர் மதுரை செல்லூரில் விசைத்தறி மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ், சட்டைப்பையில் ஒரு பென்சில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் நாலைந்து பேர் கூடி, பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்துபவர் அவர். நல்லவனா கெட்டவனா, சட்டத்துக்கு அடங்கியவனா அடங்காதவனா, இல்லை நடுவிலா என்று ஒவ்வொரு பாத்திரத்தையும் தாளில் மூன்றுக்கு மூன்றாக வரைந்த ஒன்பது கட்டங்களில் ஒன்றில் எழுத வேண்டும்.

என் பாத்திரம் கொள்ளைக்காரன். கிடங்குக் காவலாளியைக் கொன்றுவிட்டு, பட்டினி கிடந்த ஊருக்கு அரிசி கொடுத்தவன். அவன் சட்டத்துக்கு அடங்காத நல்லவன்தான் என்று கோர்ட்டில் வாதாடுவதுபோல் வாதாடினேன். என் தொழிலே அதுதான்.

அவர் தீர்ப்புச் சொல்லும் வழக்கமில்லை. பாத்திரத்தால் பாதிக்கப்பட்டவராக எங்களையே பேசவைப்பார்.

"வக்கீலண்ணே, அந்தக் காவக்காரன் பொண்டாட்டியா அஞ்சு நிமிசம் பேசுங்க. உங்க வாசல்ல அந்தக் கொள்ளைக்காரன் அரிசி மூட்டையோட நிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடிதான் தொடங்கினேன்.

"பிள்ளைக பசியில கிடக்குதுக. மூட்டைய இறக்கி வச்சிட்டுப் போ." கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தேன். "இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

அவர் பென்சிலை நீட்டினார்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, எந்தக் கட்டம்?"

வாங்கினேன், எழுத முடியவில்லை. பென்சில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அவர் பையில் புதுப் பென்சில் இருந்தது. பழையதை அவர் கேட்கவே இல்லை.