அண்ணன் வந்த விமானம்

எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்று வரை ஏறியதில்லை. ஆனால் ஒரு வீடியோ நிஜமா ஒட்டு வேலையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்து பிழைத்தவள் நான். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டாத மாப்பிள்ளையையும் பெண்ணையும் பனிமலை உச்சியில் கைகோத்து நிற்க வைத்திருக்கிறேன். தாடிக்கொம்பில் நடந்த கல்யாணத்துக்கு வானத்திலிருந்து ரோஜாப்பூ கொட்ட வைத்திருக்கிறேன். நாலு பூவைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் போதும், பார்க்கிறவர்களுக்கு ஆயிரம் பூ. பெண் வீட்டார் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பாழாய்ப்போன அறிவு எனக்கு இல்லாமலே இருந்திருக்கலாம்.

அப்பா இறந்தது கேமரா போன் எங்கள் தெருவுக்குள் வரத் தொடங்கியிருந்த சமயம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் படித்தபடி நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அப்போது வளைகுடாவில் இருந்தான். சூப்பர்வைசர் வேலை என்று சொல்லியிருந்தான். அம்மா அதை மாதா கோயில் வாசலில் நின்று ஒருத்தர் விடாமல் சொல்லியிருந்தாள்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தில், குழிக்குள் பெட்டியை இறக்கியதும் முதல் பிடி மண்ணை மூத்த மகன்தான் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அதனால் ஐஸ் பெட்டி வாடகைக்கு எடுத்து அப்பாவைக் கிடத்திவிட்டுக் காத்திருந்தோம். "கெளம்பிட்டேன் பாப்பா, டிக்கெட் போட்டாச்சு" என்று அண்ணன் போனில் சொன்னான். அதற்கப்புறம் அவன் போன் அணைந்து கிடந்தது. வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து, "இனிமே வச்சிருக்கக் கூடாதும்மா" என்றார்.

கல்லறையில் பெரியப்பா மகன் மண் போட முன்னால் வந்தான். அம்மா அவனை ஒதுக்கிவிட்டு என்னைப் பிடித்து இழுத்தாள். "எம் பிள்ளதான் போடணும். பொண்ணாருந்தா என்ன?" என்றாள். நான் போட்டேன். எல்லாரும் போட்டு முடித்ததும் அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, பழைய சின்னாளபட்டிச் சேலைத் துண்டு ஒன்றில் முடிந்துகொண்டாள். அது அண்ணனுடைய பிடி. வீட்டுக்கு வந்ததும் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள்.

தெரு சும்மா இருக்குமா? "அப்பன் சாவுக்குக்கூட வரலையே, அப்படி என்ன பெரிய சூப்பர்வைசரு" என்று அம்மா காதுபடவே பேசினார்கள். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போவதை நிறுத்தினாள். அவளுக்குப் பதிலாக நான் போய் நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். குடம் பாதிதான் நிறைந்தது.

அதற்கப்புறம்தான் அண்ணனிடமிருந்து ஈமெயிலில் ஒரு வீடியோப் படம் வந்தது. "நான் வந்த விமானத்துக்கு முன்சக்கரம் இறங்கவில்லை, வேறு ஊரில் அவசரமாகத் தரையிறக்கினார்கள், எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தான். ஸ்டூடியோவில் திறந்து பார்த்தேன். மூக்கு தரையில் உரசத் தீப்பொறி பறந்தது. புகை எழும்பியது. விமானம் நின்றதும் ரப்பர் சறுக்கில் ஆட்கள் சறுக்கி விழுந்து ஓடினார்கள். மாதாவே, எங்க அண்ணன் தப்பித்தானே என்று அங்கேயே அழுதேன். அன்றைக்கே என் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன். மறுநாள் கோயிலுக்குப் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாமியார், விமான ஆபத்திலிருந்து மகனைக் காப்பாற்றியதற்கு நன்றியாக என்று வாசித்தபோது கோயிலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. சண்டை போட்டவர்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "சாமி புண்ணியம், உசுரு தப்புச்சே" என்றார்கள். அம்மா மறுபடி குழாய்க்குப் போனாள்.

தெருவுக்கே போட்டுக் காட்டியதில் எனக்கு அழுகை தீர்ந்து, தொழில்கண் விழித்துக்கொண்டது. ஓடுபாதை விளக்குகளின் நிழல் ஒரு பக்கம் விழுந்தது, விமானத்தின் நிழல் வேறு பக்கம். அதுகூடப் போகட்டும். அந்தப் புகை! ஒரே புகைதான். கொஞ்ச தூரம் போய், அறுந்து, மறுபடி அதே சுருளோடு தொடங்கியது. என் ரோஜாப்பூ மாதிரி. விமானத்தின் வாலில் ஒரு கம்பெனிப் பேர்கூட இல்லை. அடப்பாவி அண்ணே என்று முணுமுணுத்துக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியவில்லையோ, நிஜ விமானத்தில் அப்படித்தான் புகை வருமோ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பழனியில் ஒரு கல்யாண ஆர்டருக்காகப் பஸ்ஸில் போனபோது அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. சத்திரப்பட்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, பேச்சோடு பேச்சாகத் தன் போனை நீட்டினார். "ஏனுங்க, இதைப் பாருங்க. எங்க நாத்தனார் பையன் வந்த பிளைட்டுங்க இது. அவங்கம்மா எழவுக்குக் கெளம்பி வந்தானுங்க. பாதி வழியில இப்படி ஆயிப்போச்சுங்க" என்றார். அதே ஓடுபாதை, அதே புகை. அவர் கண் கலங்கியிருந்தது. "கடவுள் காப்பாத்திட்டாருங்க" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? சாவுக்கு வர முடியாத எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்த விமானத்தில் ஏறியிருக்கிறார்களோ என்று ஆயக்குடி வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து அண்ணன் போன் செய்தபோது நான் மாடிக்குப் போய்ப் பேசினேன்.

"அண்ணே, அந்தப் புகை ஒட்டு வேலைண்ணே."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"இல்ல."

"பாஸ்போர்ட்டு முதலாளிகிட்ட இருக்கு பாப்பா. கால்ல விழுந்து கேட்டேன், தரல. சூப்பர்வைசரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கக்கூசு கழுவுறேன். ரூம்ல ஒருத்தன் போன்ல அந்தப் படம் கெடந்துச்சு. ஊருக்குப் போக முடியாதவங்க எல்லாரும் அதைத்தான் அனுப்புவாங்கன்னான்." சொல்லும்போதே அழுதுவிட்டான். கடல் தாண்டி இருந்து ஒரு ஆம்பிளை விக்கி விக்கி அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திட்டத்தான் மாடிக்கு ஏறினேன். திட்ட வாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

சில வருஷங்களில் அம்மாவுக்குக் கிட்னி பழுதானது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். படுக்கையில் கிடந்தபடி, "செத்த நேரம் அந்தப் படத்தைப் போடு" என்று கேட்பாள். புதுப் போன் மாற்றும்போதெல்லாம் முதல் வேலையாக அதை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்புட்டுத் தடவம்மா பாப்ப? பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று கத்தினேன்.

அம்மா கோபப்படவில்லை. "சறுக்குல எறங்கி ஓடுறாங்கல்ல, அவுங்க காலைப் பாரு" என்றாள்.

அண்ணன் சின்னப் பிள்ளையில் ஆயக்குடி மாமா தோப்பில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டவன். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. நடந்தால் அவ்வளவாகத் தெரியாது. ஓடினால் அந்தக் காலை வெளிப்பக்கமாக வீசி வீசி ஓடுவான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே கேலி செய்வார்கள்.

"ஒருத்தன்கூடக் காலை வீசி ஓடல. மொத நாளே பாத்துட்டேன். அவன் அதுல இல்ல."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "பெறகு எதுக்கும்மா பூசை வச்ச?"

"அவன் வரலேன்னா வர முடியாமக் கெடக்கான்னு அர்த்தம். அதை ஊருக்குச் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? பிளைட்டுன்னா ஒருத்தரும் எம் பிள்ளையக் கொறை சொல்ல மாட்டாங்க."

"அவன் இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குத் திரும்பத் திரும்பப் பாக்குற?"

"நாந்தான் சரியாப் பாக்கலையோன்னு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் சாவுக்கும் அவன் வரலேன்னா திட்டாதத்தா. இதையே இன்னொரு தடவ எடுத்துக் காட்டு. நம்ம தெருவு நம்பும்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

அம்மா போனபோது அண்ணன் வேறு முதலாளியிடம் மாறியிருந்தான். பாஸ்போர்ட் அவன் கையிலேயே இருந்தது. ஏர்போர்ட்டில் நின்றுகொண்டே பேசினான். "ஏறப்போறேன் பாப்பா, அம்மாவ எடுத்துராதீங்க" என்றான். மறுபடி ஐஸ் பெட்டி. மறுபடி அவன் போன் அணைந்து கிடந்தது. மறுபடி சாமியார் வந்தார். முதல் பிடியை இந்த முறையும் நான்தான் போட்டேன். திரும்பி வரும் வழியில் பக்கத்து வீட்டு அத்தாச்சி, "இந்தத் தடவையும் பிளைட்டா?" என்று கேட்டாள். அம்மா சொன்னபடி படத்தை எடுத்துக் காட்டியிருக்கலாம். கை வரவில்லை. "உன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வாசலைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, தெருமுனையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். கையில் ஒரு பை. தலை நரைத்திருந்தது. முதலில் யாரென்று தெரியவில்லை. வலது காலை வெளிப்பக்கமாக வீசி வீசி ஓடி வந்தான்.

என்னைக் கட்டிக்கொண்டு, "பாதித் தூரம் வந்துட்டுத் திருப்பிட்டாங்க பாப்பா, எஞ்சினு கோளாறாம். நெசமாவே. மாதா மேல சத்தியமா நெசமாவே" என்றான். அதற்குப் படம் எதுவும் அவனிடம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து துணி முடிச்சை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் கல்லறைக்கு நடந்தோம். அப்பாவின் குழியைத் திறந்துதான் அம்மாவையும் வைத்திருந்தோம். அவன் முடிச்சை அவிழ்த்தான். மண் காய்ந்து பொடியாகியிருந்தது. இரண்டு பேருக்குமாக அதையே போட்டான்.

அம்மா அத்தனை தடவை தேடிய கால் அன்றைக்கு எங்கள் தெருவில் ஓடி வந்தது. அவள் உயிரோடு இருந்து பார்த்திருந்தால், அவனைச் சத்தியமே செய்ய விட்டிருக்க மாட்டாள்.