நோரீன் தூக்கிய பியானோ

நோரீன் ஹாலிக் வேலை கேட்டு வந்தபோது, பிட்ஸ்பர்க் முழுக்க மேடும் படிக்கட்டும்தான் என்று எச்சரித்தேன். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் எங்கள் கம்பெனியில் போன் எடுப்பதும், லாரிக்கு ஆள் பிரிப்பதும் என் வேலை. ஒல்லியான பெண். முன்பு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சிகாகோவுல பொதுச் சேவை."

பத்து வருடம் முகமூடியோடு சிகாகோ வானத்தில் பறந்து, எரியும் மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கியவள் அவள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிட வேண்டும் என்றுதான் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எங்கள் பழைய ஆள், ஐம்பத்தெட்டு வயது ஸ்டான் புரோகோப்போடு அவளை அனுப்பினேன். முதல் நாள் அவர் லாரியிலிருந்து கயிறு எடுத்து வருவதற்குள் ஃப்ரிட்ஜ் மூன்றாவது மாடியில் இருந்தது.

"யாரு ஏத்துனா?"

"வீட்டுக்காரர் ஒரு கை குடுத்தாரு."

"அவருக்கு எண்பது வயசு. இன்னொரு கையில தடி."

அன்றிலிருந்து அவள் ஸ்டானைக் கவனித்தாள். எங்கே அவருக்கு மூச்சு வாங்குகிறது, எப்போது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்து, வீட்டில் கண்ணாடி முன் நின்று முனகிப் பழகினாள். கீழ்வீட்டுக்காரி பயந்துபோய் சூப் கொண்டுவந்தாள். அளவுதான் பிடிபடவில்லை, தலையணையைத் தூக்கும்போதும் முனகினாள். ஸ்டான் பரிதாபப்பட்டுக் கனமான பக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு குன்றின் மேல் வீட்டுக்குப் பியானோ. முப்பதாவது படியில், கட்டியிருந்த வார் அறுந்து, கீழே நின்ற ஸ்டானை நோக்கிப் பியானோ சரிந்தது. நோரீன் அவர் தலைக்கு மேலாகப் பாய்ந்து, ஒரு கையில் பியானோவையும் மறு கையில் அவர் சட்டைக் காலரையும் பிடித்தாள்.

ஸ்டான் குனிந்து பார்த்தார். அவள் கால் எந்தப் படியிலும் படாமல் அந்தரத்தில் இருந்தது.

"நோரீன், காலக் கீழ வை. எதிர்வீட்டம்மா பாக்குறா."

வைத்தாள். இந்த ஊரையும் விட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஸ்டான் படியில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

"எத்தன நாளா இப்படி?"

"பொறந்ததுலேருந்து."

"அப்ப ஆறு மாசமா நான் முதுகுக்குத் தைலம் தேச்சுட்டு இருந்தேன், நீ சும்மா முனகிட்டு இருந்தியா?"

இரண்டு நாள் ஸ்டான் தனியாகப் போய்ச் சாப்பிட்டார். மூன்றாம் நாள், பீரோவின் இரண்டு பக்கத்தையும் அவளே தூக்கலாம், தான் தொட்டுக்கொண்டு மட்டும் வருவதாகச் சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் ஒரு பெண்மணி எனக்குப் போன் செய்தார்.

"உங்க ஆளு என் மாடிப்படியில சோபாவ அடைச்சு வெச்சுட்டு சாண்ட்விச் சாப்பிடறாரு. கூட வந்த பொண்ணக் காணோம். நான் எப்படிக் கீழ எறங்கறது?"

லாரி ரேடியோவில், பாலத்தின் விளிம்பில் ஒரு பேருந்து தொங்குவதாகச் செய்தி வந்திருக்கிறது. நோரீன் சோபாவையும் ஸ்டானையும் மாறி மாறிப் பார்த்தாளாம்.

"போயிட்டு வா. சோபா எங்கயும் போவாது" என்றாராம் ஸ்டான்.

மாலைத் தொலைக்காட்சியில் பேருந்தை ஏந்தி வந்த பெண்ணைக் காட்டினார்கள். முகம் தெரியாமல் தலையில், சாமான் உரசாதிருக்கப் பொதியும் போர்வை சுற்றியிருந்தது. போர்வையில் எங்கள் கம்பெனியின் பெயரும், நான் எடுக்கும் போன் நம்பரும்.

மறுநாள் காலை நோரீன் ராஜினாமாக் கடிதத்தோடு என் மேசை முன் நின்றாள். கண் சிவந்திருந்தது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"போர்வை எல்லாம் நேத்து களவு போயிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றேன். "ஒம்பது மணிக்கு ரெண்டு பீரோ இருக்கு. ஸ்டான் லாரியில காத்திட்டிருக்காரு."

கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் எங்களோடுதான் இருந்தாள்.