அல்வாத் தட்டு நோட்டீஸ்

எலுமிச்சம்பழத்தின் பாதி மூடியை விரல் நுனியில் வைத்து, விசேஷத்துக்கு முந்தின நாள் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருப்பார் தாணுமாலயன். ஒரு விரல் முடிந்தால் அடுத்த விரல். தேய்த்த விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார், பிறகு தெருவைப் பார்ப்பார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் கொட்டகை போட்டு அல்வா விற்கிறவருக்குப் புளியங்குடி எலுமிச்சையோடு என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் "நெய்ப் பிசுக்கு" என்று சொல்ல வைத்திருக்கிறார். நெய்ப் பிசுக்கு ஊதா நிறத்தில் இருக்குமா என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த யோசனையிலேயே மனிதர் பாதி இளைத்துவிட்டார்.

சொந்த ஊர் தென்காசி. சாரல் மாதங்களில் சம்பாதிப்பதுதான் வருஷம் முழுவதற்கும் சோறு. பஸ் ஹாரன் அடித்தால் திடுக்கிடுவார். போலீஸ்காரர் கால் சேர் அல்வா கேட்டால் அரை சேர் கட்டுவார். "நமக்கெதுக்கு வம்பு" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் ஊரில் உள்ள வம்பில் பாதி அவர் கூப்பிட்டு வந்ததுதான். போன வருஷம் பெண்கள் குளிக்கிற துறைக்கு விளக்கு வேண்டுமென்று சீசன் கமிட்டிக்கு மனு எழுதினார். சும்மா எழுதினாரா? சுற்றிலும் கொடி, மூலைக்கொரு கிளி, ஒவ்வொரு எழுத்தும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி. விளக்கு வரவில்லை. மனு அழகாக இருக்கிறதென்று கமிட்டி ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்கள்.

இந்த முப்பத்தேழாம் வருஷத்துச் சாரலில் வந்தது பெரிய வம்பு. சத்திரத்தில் தங்கியிருந்த மூன்று பேர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். அதில் ஒருவர் மதுரைக்காரர். தினம் சாயங்காலம் இவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, அல்வாவைவிடப் பெட்டியில் ஒட்டிய சீட்டின் எழுத்து நன்றாக இருக்கிறது என்பார். லாட்ஜுக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்த கமிட்டி, மாம்பழம் அதிகமாகத் தின்ற அஜீரணம் என்று தண்டோரா போட்டது. வாந்திபேதி என்று வாயைத் திறந்தவன் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போகலாம் என்றும் சொல்லிவிட்டது. ஜனங்களோ அருவிக்குக் கீழே துணி அலசுகிற ஆற்றிலேயே செம்பை முக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரகசியமாக ஒரு நோட்டீஸ் போடலாமென்றால், அச்சாபீசில் யார் கொடுத்தது என்று எழுதிக்கொள்வார்கள். தாணுமாலயன் எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தார்: வச்சிரப் பசை, சர்க்கரை, கிளிசரின் மூன்றையும் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் பாளமாக உறையும், பிரதி எடுக்கிற ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால் எழுத்து பாளத்தில் இறங்கிவிடும், வெறும் தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றினால் நாற்பது பிரதி வரை எடுக்கலாம். தென்காசியில் யாக்கூப் மருந்துக்கடையில் உதட்டு வெடிப்புக்கு என்று சொல்லிக் கிளிசரின் வாங்கினார். தாலுகா முழுவதும் உதடு வெடித்தாலும் காணுகிற அளவு வாங்கினார். காய்ச்ச உருளி இருக்கிறது, ஊற்ற அல்வாத் தட்டு இருக்கிறது, பதம் பார்க்கக் கை இருக்கிறது. கை அடையாளம் தெரியக்கூடாதே என்று மூன்று நாள் இடது கையால் எழுதிப் பழகினார். மூன்றாம் நாள் இடது கையெழுத்தும் அழகாகிவிட்டது, அதற்கும் பயந்தார்.

முதல் தட்டு உறைந்திருந்த அன்று ஜட்கா ஓட்டுகிற சுந்தரபாண்டி உள்ளே வந்து, தளதளவென்று ஊதாக் கோடுகளோடு இருந்ததைக் கண்டு, ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "என்ன அண்ணாச்சி, பாகு முத்திட்டோ? ரப்பர் மாதிரில்லா இழுக்கு" என்று மட்டும் கேட்டான். இரண்டு நாள் அவன் நாக்கு ஊதா. நாவல்பழக் காலமாக இருந்ததால் தாணுமாலயன் பிழைத்தார்.

நோட்டீசில் ஒரு குரங்கு செம்பை ஏந்தி நிற்கும். கீழே ஒரே வரி: 'ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.' மனைவி சொக்கம்மாள் குளிக்கப் போகிற சாக்கில், மண்டபத்தில் அவிழ்த்து வைத்த துணிகளுக்கு நடுவே அவற்றைச் செருகிவிட்டு வந்தாள். நாலாம் நாளே சத்திரங்களில் வெந்நீர் கேட்கத் தொடங்கினார்கள். கமிட்டி மானேஜர் குற்றாலிங்கம், அந்தக் கிறுக்கனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கடை கடையாக ஏறி இறங்கினார்.

இரண்டாம் தட்டில்தான் கை சதி செய்தது. பதம் வந்ததும் ஒரு கரண்டி நெய் விட்டு இறக்குவது இருபது வருஷப் பழக்கம். பசைக்கு எதற்கு நெய்? கைக்கு அது தெரியவில்லை. விட்டுவிட்டது. பதறிப்போய்த் துணியால் ஒற்றி எடுத்தார்; எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார். பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குரங்கின் வால் சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். வால் பிரமாதம். வரியைப் படிக்கவில்லை. சொக்கம்மாளும் படிக்காமலே கொண்டுபோய்ச் செருகிவிட்டு வந்தாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் குற்றாலிங்கம் வந்தார். தாணுமாலயன் விரல்களை வேட்டி மடிப்பில் ஒளித்தார். வந்தவர் முகத்தில் சிரிப்பு.

"அண்ணாச்சி, சேதி தெரியுமா? கிறுக்கன் நம்ம பக்கம் வந்துட்டான்." பெஞ்சில் காகிதத்தை விரித்தார். "படிச்சுப் பாருங்க. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும். நேத்து வரைக்கும் வெந்நி வெந்நின்னு உசுர எடுத்த சனம், இப்ப செம்பத் தூக்கிட்டு ஆத்துக்கு ஓடுது. கொரங்கு நோட்டீஸ்லயே போட்டிருக்குங்காவ. கமிட்டிப் பிரசிடெண்டு இதையே பெருசா எழுதி ஒட்டச் சொல்லுதாவ. எழுதுததுக்கு உங்க ஞாவகம்தான் வந்துது."

'தண்ணீரைக்' என்பதற்கும் 'குடிக்கவும்' என்பதற்கும் நடுவே வட்டமாக ஒரு வெறுமை. நெய் இருந்த இடம். அங்கே மை ஒட்டவே இல்லை.

அடுப்படியிலிருந்து சொக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். படித்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. "அவுகளுக்குக் கை வலி. எழுத மாட்டாக" என்றாள்.

"அல்வா கிண்டுத கை எழுதாதாக்கும்" என்று சிரித்தார் குற்றாலிங்கம். "இனிமே அவனத் தேட வேண்டாம்னு பிரசிடெண்டே சொல்லிட்டாவ. எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

தேடப் போவதில்லை. கொட்டகை நிற்கும். பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த வித்தை. கடைக்கு எதிரே ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கையில் செம்பு இருந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை அதை எட்டி எட்டித் தட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்க" என்றாள் சொக்கம்மாள், மெதுவாக.

தாணுமாலயன் குற்றாலிங்கத்தின் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்காமலே உருவினார். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வட்டத்துக்குள், வலது கையால், நிதானமாகக் 'காய்ச்சிக்' என்று எழுதினார். எழுதி முடித்துப் புள்ளிகளை வைத்தார்; மூன்றாவது புள்ளியைச் சற்று அழுத்தியே வைத்தார்.