ஆக்னஸ் டீச்சரின் மூன்றாவது வலைப்பூ

நோட்டை முழுதாகத் திறக்கமாட்டார். கட்டைவிரலை நுழைத்துக் கடைசிப் பக்கத்தைக் கொஞ்சமாக விலக்கி, சிவப்பில் ‘பார்த்தேன்’ என்று எழுதி, தேதி போட்டு, அடுத்ததை இழுப்பார். நாற்பத்திரண்டு நோட்டு, ஒரு இடைவேளை, ஒரு டம்ளர் டீ. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆக்னஸ் டீச்சர் திருமுல்லைவாயிலில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறார். இருபத்தாறு வருடமாக இப்படித்தான்.

ஜூன் மாதம் நடந்த பயிற்சி வகுப்பில், பிள்ளைகள் எழுதுவதைப் படிக்க யாராவது வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது தைத்துவிட்டது. மறுநாளே வலைப்பூ தொடங்க உட்கார்ந்தார். லேப்டாப்பைப் பூத்துவாலையில் சுற்றித்தான் கொண்டுவருவார். ஒற்றை விரலால், குத்துவதுபோலத் தட்டுவார். புதுக் குக்கரில் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதுபோல, எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘சோதனை, சோதனை, நான் ஆக்னஸ்’ என்று ஒரு பதிவு.

முதல் தளத்தில் மழைக்காலம் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்திலேயே தொப்பை குறைக்கும் மருந்து விளம்பரம் வந்தது. இரண்டாவதில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். மறுநாள் வினோத்தின் பெயரில் ‘நான் ஒரு எருமை’ என்று ஒரு பக்கக் கட்டுரை.

“மிஸ், கஜபதி என் பேர்ல பூந்து எழுதிகினான் மிஸ்!”

“எருமைன்னு கரீட்டாதானே மிஸ் எழுதிக்கீது?” என்றான் கஜபதி.

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் எத்திராஜுக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னா டீச்சர், இந்தக் கடையும் மூடியாச்சா? அடுத்தது எங்க கீது?”

மூன்றாவது பிடித்துப்போனது. வெளியாள் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. ஒரு பதிவு வெளியானால் வகுப்பின் பெற்றோர் எல்லாருக்கும் அது மின்னஞ்சலாகவும் போய்விடும். சேர்க்கைப் படிவங்களைப் புரட்டி, நாற்பத்திரண்டு முகவரிகளையும் அவரே ஏற்றினார். எல்லாம் அப்பாக்களுடையவை. அம்மாவின் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“இனிமே நோட்டு சுமக்க வேணாம் எத்திராஜ். வீட்ல உக்காந்தே திருத்திடுவேன்.”

“திருத்துவியா, டிக் அட்ச்சிகினே போவியா?”

டீச்சர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் கருத்து எழுத இடம் இருந்தது. ‘பார்த்தேன். நன்று.’ என்று ஒருமுறை தட்டி, நகலெடுத்து, மீதி நாற்பத்தோரு இடங்களிலும் ஒட்டினார். நோட்டைவிட இது இன்னும் சுளுவாக இருந்தது.

போன திங்கட்கிழமை மூன்றாம் பீரியட், ஆசிரியர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

“நிவேதிதா அம்மா டீச்சர். ரேவதி.”

“வாங்கம்மா, உக்காருங்க.”

ரேவதி உட்காரவில்லை. “பதினோரு நாள் முன்னாடி ‘நான் கண்ட காட்சி’ன்னு ஒண்ணு எழுதியிருக்கா. நீங்க பார்த்தேன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமாம்மா. நல்லா எழுதுவாளே!”

“என்ன எழுதியிருந்தா டீச்சர்?”

டீச்சரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. துவாலையைப் பிரித்தார். கடவுச்சொல் இரண்டு முறை தவறியது.

‘பரீட்சை என்பதால் மதியமே வேன் வந்துவிட்டது. ரயில்வே கேட்டில் நின்றோம். பிளாட்பார பெஞ்சில் என் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. இரண்டு ரயில் வந்து போனது. அப்பா எதிலும் ஏறவில்லை. மறுநாளும் அதே பெஞ்சில் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மீட்டிங்கில் தலைவலி வந்துவிட்டது என்றார். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன் மிஸ்.’

அதற்குக் கீழே, பார்த்தேன். நன்று.

வராந்தாவில் யாரோ மணி அடித்தார்கள். அவருக்கு அது வெகு தூரத்தில் கேட்டது.

“நீங்க கூப்பிட்டுப் பேசுவீங்கன்னு தினமும் பாத்துக்கிட்டே இருந்திருக்கா,” என்றார் ரேவதி. “நேத்துதான் எங்கிட்ட சொன்னா. ‘மிஸ்ஸுக்குத் தெரியும்மா, அவங்க ஒண்ணும் கேக்கல, அப்ப அது பெரிய விஷயம் இல்லபோல’ன்னா.”

டீச்சர் நிமிர்ந்து ரேவதியைப் பார்த்தார்.

“சண்டை போட வரல டீச்சர். அதை எடுத்துடுங்க, அது போதும். எங்களுக்குத் தெரியும்கறது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு. அவரா சொல்றப்ப சொல்லட்டும். இன்னிக்குக்கூட எட்டே காலுக்கு டப்பா கட்டிக் குடுத்துத்தான் அனுப்பினேன்.” குரலைத் தாழ்த்தினார். “இது ஸ்கூலுக்குள்ளதானே? அவரு கண்ணுல படாதுல்ல?”

“இதோ எடுத்துடறேன்மா. இதோ.”

அழிக்கும் பொத்தான் எங்கே என்று தெரியவில்லை. எதையுமே இதுவரை அழித்ததில்லை. பதிவின் ஓரத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. அதைத் தொட்டதும், அந்தக் கட்டுரை மின்னஞ்சலாக யார் யாருக்குப் போனது, யார் திறந்தார்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

திறக்கவில்லை. திறக்கவில்லை. திறக்கவில்லை. வரிசையாக அதே சொல். ஒரே ஒரு வரிதான் வேறு.

ராகவன், நிவேதிதாவின் தந்தை. பத்தொன்பது முறை திறந்தார். முதல் முறை, கட்டுரை வெளியான அன்று மாலை. கடைசியாக, இன்று காலை 9.52.

டீச்சர் இன்னொரு முறை படித்தார். பட்டியலுக்கு அடியில் அழிக்கும் பொத்தான் இருந்தது. விரல் அதன் மேலேயே நின்றது.

“போயிடுச்சா டீச்சர்?” என்றார் ரேவதி.

ஆக்னஸ் டீச்சர் விரலை எடுத்தார். பக்கத்து நாற்காலியைத் தன்னருகே இழுத்துப் போட்டு, லேப்டாப்பை ரேவதியின் பக்கம் திருப்பினார்.