அண்ணன் விட்டுப்போன ஏரிக்கரைப் பாயிண்டுகள்

என் அண்ணன் வெர்லின் ஸ்பிரிங்ஃபீல்டில் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவன். ஒரு நட்டு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குவான். அப்பேர்ப்பட்டவன் பிரான்சன் என்ற சுற்றுலா ஊரில் ஓசிக் காலைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டான். பன்றி இறைச்சி, பிஸ்கட், கிரேவி, போதாக்குறைக்குப் பாட்டுக் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட். ஏரிக்கரை விடுதிக்காரர்கள் பேசுவதை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றார்கள். மதியம் தாண்டியும் விடவில்லை. அண்ணி கார்லீன் கழிப்பறைக்குப் போனதற்கும் ஒருத்தி துணைக்கு வந்தாளாம்.

"வாடகைக்கு ரூம் எடுத்தா காசு போச்சு சார். இது சொத்து. உங்க காலத்துக்கப்புறம் உங்க பொண்ணுக்கு, அப்புறம் அவ பிள்ளைங்களுக்குன்னு போய்க்கிட்டே இருக்கும்" என்றானாம் விற்க வந்தவன்.

அண்ணன் விழுந்தது அந்த வார்த்தையில்தான். எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஓர் ஓட்டை டிரக்கும் அதன் மேல் இருந்த கடனும். தன் மகள் டார்லாவுக்காவது ஏதாவது வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தீராத ஆசை. இருபத்திரண்டாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டான். உடனே மணியடித்து, மண்டபமே கைதட்டி, பிளாஸ்டிக் கோப்பையில் ஷாம்பெய்ன் கொடுத்தார்கள். நாசமாய்ப் போகிறவர்கள்!

வீடா கொடுத்தார்கள், நிலமா கொடுத்தார்கள்? பாயிண்ட் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் கணக்கில் விழும் பாயிண்டைக் கொடுத்து ஏரிக்கரை விடுதியில் சில இரவு தங்கிக்கொள்ளலாம். தங்கினாலும் தங்காவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டியே தீர வேண்டும். அறுநூறு டாலரில் தொடங்கியது ஏறி ஏறி இரண்டாயிரத்தைத் தொட்டது. அதே அறைக்கு முன்னைவிட அதிகப் பாயிண்டும் கேட்டார்கள். முறையிடப் போனவனுக்கும் அதே ஓசிச் சாப்பாடுதான். "உங்களுக்குப் பாயிண்ட் பத்தலை சார், அதான் பிரச்சினை" என்று இன்னும் கொஞ்சம் தலையில் கட்டி அனுப்புவார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"ஏண்ணே, குத்தினவன்கிட்டயே போயா மருந்து கேப்பாங்க?" என்றேன்.

"நீ சும்மா இரு ஜீனி. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அண்ணி போய்ச் சேர்ந்தாள். அண்ணனுக்கும் நுரையீரல் கெட்டது. அப்போதுதான் பாயிண்டை விற்கப் பார்த்தான். இவன் வாங்கிய காலத்தில் கைமாறும் பாயிண்டுக்கும் ஏழாயிரம் எட்டாயிரம் கிடைத்ததாம். பிறகு ஆயிரம், பிறகு நூறு. வேறொருவரிடமிருந்து வாங்குகிறவனுக்குச் சலுகை எதுவும் கிடையாது என்று விடுதிக்காரர்கள் ஆக்கிவிட்டார்கள். எவன் வாங்குவான்? கடைசியில் ஒரு டாலர் என்று விளம்பரம் போட்டான், பெயர் மாற்றும் செலவும் தன்னுடையது என்று. அதற்கும் ஆளில்லை. இதிலிருந்து விடுவிக்கிறோம் என்று ஒரு கூட்டம் வந்து நாலாயிரம் வாங்கிக்கொண்டு போனது. போனது போனதுதான், பிறகு போனையே எடுக்கவில்லை.

"கட்டாம விட்டுத் தொலையேண்ணே."

"எழுபத்தோரு வயசுல கடன் கட்டாதவன்னு பேரெடுக்கச் சொல்றியா?"

அவனுக்கு இருந்த ஒரே பயம் டார்லாதான். முதியோர் இல்லத்தில் வேலை, புருஷன் கிடையாது, இரண்டு பிள்ளைகள். வீடு வாங்கக் கடன் கிடைக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தன் பேரில் ஒரு பாக்கியும் இல்லாமல் வைத்திருந்தாள். இந்தப் பாயிண்ட் அவள் தலையில் விழுந்தால் கட்டவும் முடியாது. கட்டாவிட்டால் வீடு கிடைக்காது.

ஒரு வக்கீல் வழி சொன்னார். அப்பா இறந்த ஒன்பது மாதத்துக்குள் இந்தச் சொத்து வேண்டாம் என்று மகள் எழுதிக் கொடுத்துவிடலாமாம். அன்று அண்ணன் மூச்சிரைக்க இரைக்கச் சிரித்தான். டார்லாவை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்காரவைத்து, "அவங்க எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாத. நேரா வக்கீல்கிட்ட போ. சத்தியம் பண்ணு" என்றான்.

"போடவே மாட்டேம்ப்பா."

மார்ச்சில் அண்ணன் செத்தான். ஜூனில் விடுதியிலிருந்து ஒருத்தி டார்லாவைப் போனில் கூப்பிட்டு உருகி உருகி ஆறுதல் சொன்னாள். "உங்கப்பா பதிவு பண்ணி வச்ச ரூம் அப்படியே இருக்கும்மா. வீணாத்தானே போகும்? பிள்ளைங்களோட வந்து தங்கிட்டுப் போங்களேன்."

காசு கொடுத்ததை வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் பாவம். பன்றித் தொடைக்கறி தீர்ந்தால் எலும்பைப் பீன்ஸில் போட்டு வேகவைக்கிறவர்கள் நாங்கள். அதோடு அண்ணனின் சாம்பலை அந்த ஏரியில்தான் கரைக்க வேண்டியிருந்தது. டார்லா போனாள். அப்பா மீன் பிடித்த இடத்தில் சாம்பலைக் கரைத்தாள். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் ஆடின. அப்பா போனபிறகு நிம்மதியாகத் தூங்கியது அங்கேதான் என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் டார்லாவோடு நானும் வக்கீலிடம் போனேன். எழுதத் தொடங்கியவர் நிமிர்ந்து, "அப்பா போனப்புறம் அங்க போய்த் தங்கலையேம்மா?" என்றார்.

"மூணு ராத்திரி தங்கினோம் சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அனுபவிச்சுட்டு வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா. தங்கினாலே ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம்."

"அப்பா கையெழுத்துப் போடாதன்னுதான் சார் சொன்னாரு. நான் எதுலயும் போடலை. சாவி குடுத்தாங்க, போய்த் தூங்கினேன். அவ்வளவுதான்!"

வக்கீல் பாதி எழுதிய தாளை மடித்தார். அந்தப் போன்காரி வாயில் புழு விழ.

காருக்கு வந்தும் டார்லா வண்டியை எடுக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைங்களும் என்கூட அங்கதானே அத்தை தூங்கினாங்க? அவங்களையும் புடிச்சுக்குமா?"

இல்லடி என்று சொன்னேன். எனக்கென்ன தெரியும்?