அடுத்த தட்டு

திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு விதைநெல் கம்பெனியில், முளைப்புச் சோதனை அறையில் வேலை பார்க்கிறேன். தட்டுக்கு நூறு விதை. எத்தனை முளைத்தது, எத்தனை முளைக்கவில்லை என்று எண்ணி எழுத வேண்டும். நாலு தட்டு முடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

இனியவன் வந்த பிறகுதான் அந்த வேலையில் எனக்குப் போட்டி என்று ஒருவர் வந்தார். இருபத்தெட்டு வயது, ஆட்டிசம் உள்ளவர். பேச்சு அபூர்வம், எண்ணிக்கை பிசகாது. நடவுக் கூலி வேலையை விட்டுவிட்டு, அம்சம் என்ற அவருடைய அம்மா நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என் தட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும்; அப்படி என்னதான் செய்கிறார் என்று எனக்கு ஒரே குடைச்சல். வாய்விட்டுக் கேட்கத்தான் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

முதலாளி துரைக்கண்ணுவுக்கும் அது உறுத்தியது. “ஒருத்தன் வேலைக்கு ரெண்டு பேரா? நாளையிலேர்ந்து அவன் மட்டும் வரட்டும்” என்றார்.

மறுநாள் இனியவன் தனியாக உட்கார்ந்தார். முதல் தட்டை மளமளவென்று முடித்தார். பிறகு மதியம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் பாட்டுக்கு இருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். அன்றோடு இனியவனுக்கு வேலை போயிற்று.

சாயங்காலம் மகனைக் கூட்டிப்போக வந்த அம்சத்திடம் கேட்டேவிட்டேன். “பக்கத்துல இருந்து நீங்க என்னதாங்க செய்வீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. முடிச்ச தட்ட எடுத்துட்டு அடுத்தத முன்னாடி வெப்பேன். இல்லாட்டி புள்ள அப்புடியே இருக்கும்.”

அவ்வளவுதானா! கை நீட்டும் தூரத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம் அந்த இடத்துக்குச் சேரன் என்று ஒரு பட்டதாரி வந்தார். “அக்கா, இது முளைச்சதா? அக்கா, இத எங்க எழுதணும்?” மதியத்துக்குள் என் பொறுமை போய்விட்டது. நேரே முதலாளி அறைக்குள் நுழைந்தேன்.

“சார், காலையிலேர்ந்து சேரன் என்னப் பதினாறு தடவ கூப்ட்டாரு. அத யாரும் ரெண்டு பேர் வேலைன்னு சொல்லல. இனியவனுக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தட்டு. எட்டுத் தடவ நான் கை நீட்டுறேன்.”

“ஒன் வேலை கெட்டுச்சுன்னா?”

“கெட்டா என்னையக் கேளுங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சேரனும் இருக்கட்டும், அவனும் வரட்டும். ஒரு மாசம் பாப்போம்.”

அம்சத்துக்குப் போன் போட்டேன். நடவில் இருந்தார் போல, மூன்றாம் தடவைதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நான் வர வேணாமாம்மா?”

வேண்டாம் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.